ஆறாம் நம்பர் அறையில் ஆள் இல்லை

ஈச்சந்தாங்கல்,
3 மார்ச் 2025

அன்புள்ள அமலாவுக்கு,

அண்ணன் திருமலை எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இவ்வளவு தூரம் படித்துவிட்டாய் என்றால் மீதியையும் படித்துவிடு.

என் நம்பரை ப்ளாக் செய்துவிட்டாய். உன் அண்ணி சரோஜாவின் நம்பரையும் ப்ளாக் செய்துவிட்டாய். பஞ்சாயத்து ஆபீஸ் போனிலிருந்து அடித்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். சொந்தத் தங்கையிடம் பேச, ஊராட்சித் தலைவன் தபால் ஆபீஸில் போய்க் கவர் வாங்குகிறான். கவுண்டரில் இருக்கிற பெண் "இன்னா தலைவரே, கலெக்டருக்கா?" என்று கேட்டது. ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ ஊரைவிட்டுப் போனதே ஷேர் ஆட்டோ மணிகண்டபிரபு சொல்லித்தான் தெரியும். "உன் தங்கச்சிய சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்ல எறக்கி வுட்டேன். பெரிய பை வெச்சிக்கினு கீது, மூஞ்சே சரியில்ல" என்றான். வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளையோடு, தனியாக, மாமியார் ஊருக்கு. மாப்பிள்ளை வேல்ராஜுக்கே ஷிப்ட் முடிந்து வந்த பிறகுதான் தெரியுமாம். அந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்து "விடுங்க மச்சான், ரெண்டு மாசத்துல சரியாயிருவா" என்கிறார். அவருக்கு இருக்கிற பொறுமை உனக்கு இல்லை.

என்ன தப்பு செய்துவிட்டேன்? நம் ஊரை நகராட்சியோடு சேர்க்கலாமா என்று பார்ப்பதற்கு ஜனத்தொகை எண்ண வந்தார்கள். தலை அதிகம் என்றால் சேர்த்துவிடுவார்கள். சேர்த்தால் நூறு நாள் வேலை கிடையாது, வீட்டு வரி ஏறும், ஒரு சுவர் எழுப்ப வேண்டும் என்றாலும் ஸ்ரீபெரும்புதூருக்கு அலைய வேண்டும். ஊர்க்காரர்களை மட்டும் எண்ணினால் நாம் சின்னக் கிராமம். லைன் வீடுகளில் வாடகைக்கு இருக்கிற தெக்கத்திப் பிள்ளைகளையும் எண்ணினால் மூன்று மடங்கு. அதனால் அந்த ஒரு நாள் காலை மட்டும் லைன் வீடுகளில் ஆள் இல்லை என்று காட்டுவதாக ஊர் கூடி முடிவெடுத்தோம். பகல் ஷிப்டுக்காரர்கள் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்களையும் வீட்டில் இருக்கிற பெண்களையும் உள்ளே வைத்து வெளியே பூட்டு. எல்லோரிடமும் சொல்லித்தான் செய்தோம். உன்னிடமும் மாப்பிள்ளையிடமும் சொன்னேன். நீயும் தலையாட்டினாய்.

தலையாட்டிவிட்டு அப்புறம் எதற்கு இந்தக் கோபம்? அசலூர்ப் பையனைக் கட்டிக்கொள்வேன் என்று நீ நின்றபோது சொந்தக்காரர்களையெல்லாம் பகைத்துக்கொண்டு தாலி எடுத்துக் கொடுத்தவன் நான். அதை மறந்துவிடாதே. பதில் போடு.

உன் அண்ணன்,
திருமலை


நல்லமுத்தன்பட்டி,
சங்கரன்கோவில் வழி,
11 மார்ச் 2025

அண்ணா,

கவர் வந்தது. தபால்காரர் வாசலில் நின்று "மெட்ராஸ் லெட்டரு" என்று கூவியதில் பாதித் தெரு வந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் வேறு, மெட்ராஸ் வேறு என்று சொல்லிப் பார்த்தேன். "எல்லாம் ஒண்ணுதானத்தா" என்றுவிட்டார்கள்.

போனில் பேசமாட்டேன். நீ இரண்டு வார்த்தை குழைந்தால் நான் "சரிண்ணா" என்றுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். காகிதத்தில் நீ குழைவது அவ்வளவாகக் கேட்காது.

தலையாட்டினேன், உண்மைதான். முதல் நாள் சாயங்காலம் நீங்கள் அறை அறையாக வந்து வாசலில் கிடந்த செருப்புகளைச் சாக்கில் அள்ளினீர்கள். கொடியில் காய்ந்த கம்பெனி யூனிபார்மை உருவினீர்கள். பக்கெட், குடம், கோலப்பொடி டப்பா எல்லாம் உள்ளே போயிற்று. எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. எண்ணி முடித்த பிறகு சாக்கைக் கொட்டினீர்களே, ஜோடி தேடி அத்தனை பேரும் அடித்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் இன்னமும் யாருடையதோ ஒரு செருப்பை இடது காலில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போகிறார்.

நாங்கள் குடியிருந்த உன் லைன் வீட்டு ஆறாம் நம்பர் அறையை நீயேதான் பூட்டினாய். எனக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே குமட்டல். நீங்கள் பேசிக்கொண்டு வருவது கேட்டதும் துண்டை வாயில் அடைத்துக்கொண்டேன். அடங்கவில்லை. பக்கெட்டில் குனிந்து வாந்தி எடுத்துவிட்டேன். வெளியே அந்த அதிகாரி, "உள்ள யாரோ இருக்காங்க போலிருக்கே" என்றார்.

நீ என்ன சொன்னாய் என்று கடிதத்தில் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். "நாய் சார். சினையா கீது. வெளிய வுட்டா கடிக்கப் போவுதுன்னு உள்ள கட்டி வெச்சிக்கிறோம்." சொல்லிவிட்டுச் சிரித்தாய். கூட வந்தவர்களும் சிரித்தார்கள்.

கதவைத் தட்டியிருக்கலாம், அண்ணா. தட்டவில்லை. ஊர் முன்னால் உன் மானம் போய்விடுமே என்று பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னதற்கு ஒரு நாள் அழுதேன், போயிற்று. நான் சும்மா இருந்தேனே, அதுதான் ஆறவில்லை. இன்னும் நாலு நாள் அங்கே இருந்திருந்தால் உன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவும் பழகியிருப்பேன். அதனால்தான் கிளம்பிவிட்டேன்.

இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே மாமியார் அத்தையிடமும் சொல்லவில்லை. "பிள்ளைத்தாச்சி வளைகாப்பு முடிஞ்சு ஆத்தா வீட்டுக்குல்லா போகணும். நீ என்ன தாயி இங்க வந்து நிக்க?" என்று கேட்டார். அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அமலா


ஈச்சந்தாங்கல்,
25 மார்ச் 2025

அன்புள்ள அமலா,

உன் கடிதத்தைப் பஞ்சாயத்து ஆபீஸில் வைத்துப் படித்தேன். பிறகு வெளியே போய் வண்டியை எடுத்துக்கொண்டு காரணமே இல்லாமல் ஒரகடம் வரைக்கும் போய்த் திரும்பினேன்.

அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதிகாரி கதவில் காதை வைக்கிற மாதிரி குனிந்தார். பொய் சொல்ல நேரம் இல்லாதபோது வருகிற பொய் இப்படித்தான் இருக்கும். நீ உள்ளே கேட்டுக்கொண்டிருப்பாய் என்பதே அப்போது தோன்றவில்லை. சரோஜாவிடம் சொன்னேன். அவள் மூன்று நாளாகத் தட்டை என் முன்னால் 'ணங்' என்று வைக்கிறாள்.

ஆனால் காரியத்தை மட்டும் தப்பு என்று சொல்லாதே. முனியம்மாள் அத்தையை நினைத்துப் பார். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, எந்தக் கம்பெனியும் அந்த வயதில் வேலை தராது. ஏரிக்கரையில் மண் வெட்டுகிற நூறு நாள் வேலைதான் அவளுக்குச் சோறு. அவளைப் போல் நாற்பது ஐம்பது பேர். நிலத்தையெல்லாம் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு இவர்கள் வேறு எங்கே போவார்கள்? சனிக்கிழமை, தண்ணீர் தினத்துக் கிராம சபையில், சேர்க்கப் போகிற ஊர்களில் நம் பெயர் இல்லை என்று சொன்னேன். முனியம்மாள் அத்தை எழுந்து வந்து என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். மாலை போட்டார்கள். மாலையோடு நிற்கும்போது உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது.

புதுக் குடிநீர்த் திட்டமும் வந்துவிட்டது. எண்ணிய தலைக்குத் தகுந்த மாதிரி சின்னத் தொட்டி போதும் என்கிறார் இன்ஜினியர். அதைப் பிறகு பேசிப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

சித்திரை பிறந்ததும் நானும் சரோஜாவும் வருகிறோம். வளையல் அடுக்கி உன்னைக் கையோடு அழைத்து வருகிறோம். முதல் பிரசவம் பிறந்த வீட்டில்தான். அம்மா இல்லையே தவிர வீடு இருக்கிறது. மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. இதில் மட்டும் அண்ணனைத் தலைகுனிய வைக்காதே.

திருமலை


நல்லமுத்தன்பட்டி,
3 ஏப்ரல் 2025

அண்ணா,

வளையல் போட வாருங்கள். வராதே என்று சொன்னால் இந்த வீட்டில் இருப்பவர்கள் காரணம் கேட்பார்கள். ஆனால் கூட வரமாட்டேன். மாடி அறையை வாடகைக்கு விட்டுக்கொள்.

முனியம்மாள் அத்தையை எனக்கும் தெரியும். என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவர். அவருக்குச் சோறு வேண்டும் என்பதில் எனக்கு உன்னோடு சண்டை இல்லை. அதற்கு வேறு வழி தேடாமல் இத்தனை பேரைப் பூட்டி வைத்ததில்தான் சண்டை.

என் வீட்டுக்காரர் போனில் சொன்னார், லைன் வீட்டுக் குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வருகிறதாம். முதலில் ஊர்த் தெரு, பிறகு கோவில் தெரு, கடைசியில் மீதி இருந்தால் லைன் வீடு. அந்த வால்வு முறை நான் பாவாடை கட்டின காலத்திலிருந்தே இருக்கிறது, புதிது இல்லை. ஆனால் இப்போது மீதியே இருப்பதில்லையாம். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு லாரித் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்களாம். பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரியை வைத்துக்கொண்டு லாரித் தண்ணீர். எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று யாராவது கேட்டீர்களா? இல்லாத ஆட்களுக்கு எதற்குத் தண்ணீர் என்று விட்டுவிட்டீர்களா?

உனக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். என் மாமனார் கொம்பையா மாமாவிடம் நம் ஊரில் ஜனத்தொகை எண்ணிய கதையைச் சொன்னேன். நாய் விஷயம் தவிர மீதி எல்லாம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இங்க பிள்ளைகளே இல்லன்னு பள்ளிக்கூடத்த மூட வந்தாவ. நாங்க பக்கத்தூர்ல இருந்து பிள்ளைகளக் கூட்டியாந்து பெஞ்சு நெறைய உக்கார வச்சோம். நீங்க என்னன்னா இருக்கவன ஒளிச்சு வச்சிருக்கிய" என்றார். சிரித்து முடித்துவிட்டு, "இங்கன இல்லாத பயலுவ பூராவும் அங்கனதான கெடக்கான்" என்றார். அதற்குப் பிறகு அவரும் சிரிக்கவில்லை. மகன் அங்கே இருக்கிறாரே, அந்த நினைப்பு வந்திருக்கும்.

அண்ணியை அதிக வளையல் வாங்க வேண்டாம் என்று சொல். கை வீங்கியிருக்கிறது.

அமலா


ஈச்சந்தாங்கல்,
23 ஏப்ரல் 2025

அன்புள்ள அமலா,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் சரோஜாவுக்குக் கால் வீங்கிவிட்டது. உன் மாமியார் கட்டிக் கொடுத்த புளியோதரை நன்றாக இருந்தது. உன் நாத்தனார் கனிஷ்கா நல்ல பெண். பேசாமலே நீ எனக்கு மூன்று தடவை சாம்பார் ஊற்றினாய், அதையும் கவனித்தேன். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். வளையல் போட்ட கையை நீட்டிக்கொண்டு என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாய்.

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் புளியோதரை பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை ஓ.டி. இருக்கிறது என்று சொல்லி வளைகாப்புக்கு வரவில்லை அல்லவா, அது பொய். அவர் படுத்திருந்தார். மஞ்சள் காமாலை. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் உன் வீட்டில் உட்கார்ந்து "பாவம், லீவு கிடைக்கல" என்று கூசாமல் சொன்னேன். திரும்பி வந்து பார்த்தால் கண் மஞ்சள் துணி மாதிரி இருந்தது. அன்றைக்கே ஸ்ரீபெரும்புதூர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். நல்லபடியாகப் பார்க்கிறார்கள், நேற்றிலிருந்து கஞ்சி குடிக்கிறார். பயப்படும் கட்டம் தாண்டிவிட்டது. நீ பயந்துவிடாதே.

லைன் வீடுகளில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு இருக்கிறது. லாரித் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள். அந்த லாரியை ஊருக்குள் விடுவதில்லை இப்போது. சுகாதார நர்ஸ் வந்தார். தண்ணீரில் போடும் மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஊர்க் கணக்குக்கு உள்ளபடி கொண்டுவந்திருந்தார். லைன் வீட்டு வரிசையைப் பார்த்துத் திகைத்துப்போய், "இவங்கல்லாம் எந்த ஊர் கணக்குல வராங்க தலைவரே? எங்ககிட்ட இந்த வூடுங்களே இல்லியே" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்து எழுதிக்கங்க மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திருமலை


நல்லமுத்தன்பட்டி,
29 ஏப்ரல் 2025

அண்ணா,

அவரிடம் பேசினேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. "ஒண்ணும் இல்லட்டி, சும்மா கண்ணுதான் மஞ்சளா இருக்கு" என்கிறார். உடனே கிளம்புகிறேன் என்று பையை எடுத்தேன். அத்தை பையைப் பிடுங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, மாமாவைக் கூட்டிக்கொண்டு அவரே ரயில் ஏறிவிட்டார். போகும்போது "அந்தத் தண்ணியக் குடிச்சு உனக்கும் வந்துட்டுன்னா வயித்துல உள்ளதுக்கு யாரு பதில் சொல்லுதது?" என்று கேட்டார். நீதான் சொல்ல வேண்டும். அத்தையிடம் உன் பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எனக்குத் தூக்கம் இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. கனிஷ்கா என் பின்னாலேயே சுற்றுகிறாள்.

அவருக்கு ஒன்று ஆகியிருந்தால் நான் உன் முகத்தில் விழித்திருப்பேனா? அதை மட்டும் யோசி. பணம், மாலை, நாற்காலி எதுவும் வேண்டாம். போய்ச் சொல். லைன் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், நாங்கள்தான் மறைத்தோம், திரும்ப வந்து எண்ணுங்கள் என்று சொல். இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் மே தினக் கிராம சபை முடிந்திருக்கும். அங்கே நீ பேசியிருக்க மாட்டாய், அதுவும் எனக்குத் தெரியும்.

சொல்லும் வரைக்கும் என் பிரசவத்தைப் பற்றிப் பேச உனக்கு வாய் கிடையாது.

அமலா


ஈச்சந்தாங்கல்,
14 மே 2025

அமலா,

நீ சொன்ன மாதிரியே மே தினத்தன்று நான் பேசவில்லை. தெரு விளக்கு, குப்பை வண்டி என்று பேசி முடித்துவிட்டேன்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போனேன். மனு கொடுக்கிற வரிசையில் நின்றேன். முன்னால் இருந்தவர்கள் எல்லாம் தண்ணீர் கொடு, ரோடு கொடு, பட்டா கொடு என்று கேட்க வந்தவர்கள். நான் மட்டும் என் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப் போகிறேன். வெளியே வந்து டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். இதைச் சரோஜாவிடம்கூடச் சொல்லவில்லை.

உன் மாமியார் ஆஸ்பத்திரியிலிருந்து மகனை ஆறாம் நம்பருக்குக் கூட்டி வந்தார். நம் வீட்டுக்கு வாருங்கள் என்றேன், வரவில்லை. அன்றைக்குக் குழாயடியில் அவர் குடத்தோடு நின்றதைப் பார்த்தேன். வால்வு மூடியாயிற்று என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா சண்டை போடவில்லை. காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினார். எதிரே நான். "நல்லா இருக்கியளா தம்பி" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அமலா. ஐம்பது வயதை நெருங்கப் போகிறேன், குழாயடியில் நின்று அழுதேன்.

கோவிலில் ஊரைக் கூட்டிச் சொன்னேன். திரும்ப எண்ணச் சொல்லப் போகிறேன் என்றதும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். முனியம்மாள் அத்தை மட்டும் கிட்டே வந்து, "உன் தங்கச்சி வவுறு பெருசு, எங்க வவுறுலாம் சிறுசா?" என்று கேட்டாள். அத்தைக்கு நான் இருக்கிறேன் என்றேன். "நீ எத்தினி நாளைக்கு கீற?" என்றாள்.

முந்தாநாள் திங்கட்கிழமை மனுவைக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "எல்லா ஊரும் ஜனம் கம்மின்னு மனு குடுக்குது, நீங்க ஒருத்தர்தான் ஜாஸ்தின்னு குடுக்கறீங்க. நல்லா யோசிச்சீங்களா?" என்றார். யோசித்தால் கொடுத்திருக்க மாட்டேன் என்றேன்.

இப்போதாவது வருகிறாயா?

திருமலை


ஈச்சந்தாங்கல்,
17 ஜூன் 2025

அமலா,

நீ பதில் போடவில்லை. எட்டு மாதம் தாண்டியாயிற்று, டாக்டர் பிரயாணம் கூடாது என்று சொல்லிவிட்டதாக உன் மாமியார் சொன்னார். என் மேல் உள்ள கோபத்துக்கு டாக்டரும் சேர்ந்துகொண்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எண்ண வந்தார்கள். எல்லோரும் லீவில் இருக்கிற நாளாக வரச் சொன்னதே நான்தான். ஆனால் ஜீப் தெருமுனையில் திரும்பியதும் லைன் வீட்டுப் பிள்ளைகள் செருப்பை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள். நான் சொல்லிக்கொடுத்த பாடம். மூன்றாம் நம்பரில் இருக்கிற நாகர்கோவில் பையன் சாம்சன், பூட்டை நீட்டி "நான் பூட்டட்டா அண்ணாச்சி?" என்று என்னையே கேட்கிறான். ஒவ்வொரு கதவாகத் தட்டி, "வெளிய வாங்கப்பா, இந்தத் தடவ இருக்கணும்" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

அதே அதிகாரிதான். நல்ல மனுஷன், தமாஷாகப் பேசுகிறவர். ஆறாம் நம்பர் வாசலில் நின்றதும் ஞாபகம் வந்துவிட்டது. "ஏன் தலைவரே, அந்த நாய் குட்டி போட்டுச்சா?" என்றார்.

மாப்பிள்ளை என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தெரியாது என்று நீ எழுதியிருந்தாய். இல்லை சார், எங்கேயோ ஓடிப்போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் சிரித்திருப்பார்கள், அடுத்த கதவுக்குப் போயிருப்போம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அது நாய் இல்ல சார். என் தங்கச்சி. மாசமா இருந்தா. உள்ள வாந்தி எடுத்தா. நான்தான் அப்பிடி சொன்னேன்" என்றேன்.

அதிகாரி பேனாவை மூடினார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். இன்றுவரை என்னோடு பேசவில்லை. மச்சான் என்ற வார்த்தை போயிற்று.

"அவ பேரையும் எழுதிக்குங்க சார், அமலா, இந்த ரூம்தான்" என்றேன். "இப்ப இருக்காங்களா?" "பிரசவத்துக்குப் போயிருக்கா." "இன்னிக்கு இங்க இருக்கற ஆளத்தான் எழுத முடியும் தலைவரே. தப்பா நெனச்சிக்காதீங்க" என்றார். எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். ஆறாம் நம்பர், ஓர் ஆள் என்று எழுதிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போய்விட்டார்.

இனி ஊரைச் சேர்ப்பது உறுதி என்கிறார்கள். என் பதவியும் போகும். பெரிய தொட்டி போடுவார்களாம், எப்போது என்று தெரியாது. முனியம்மாள் அத்தை நான் வருகிற தெருவில் வருவதில்லை. இதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். நீ இருந்தபோது இல்லை என்று சொல்லிவிட்டு, இப்போது நீ இருக்கிறாய் என்று கெஞ்சியும் எழுத வைக்க முடியவில்லையே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

திருமலை


நல்லமுத்தன்பட்டி,
2 ஜூலை 2025

அண்ணா,

பெண் குழந்தை. போன வாரம் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். சுகப்பிரசவம். நிறம் அவரைப் போல, கோபம் உன்னைப் போல. பசித்தால் வார்டையே எழுப்பிவிடுகிறாள். கையில் பிள்ளை இருப்பதால் உன் கடிதத்தைக் கனிஷ்காதான் படித்துக் காட்டினாள். நாய் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். படி என்றேன். இப்போது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் போன் செய்தார். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டார். எங்க அண்ணன் இல்லையா என்றேன். உன்னிடம் எப்போது பேசுவார் என்று என்னைக் கேட்காதே, அது உங்கள் இரண்டு பேர் பாடு.

அந்த அதிகாரி செய்தது சரி. நான் அங்கே இல்லை.

நீ செய்ததும் சிறிய காரியம் இல்லை, அது எனக்குத் தெரிகிறது. படித்தபோது அழுதேன். ஆனால் எல்லாம் ஆறிவிட்டது என்று எழுதினால் பொய். முனியம்மாள் அத்தை உன்னைக் கேட்ட கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. நான் வந்ததும் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போவேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

ஆமாம், வருகிறேன். பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்ததும் வருகிறேன். அண்ணி மாடி அறையில் தொட்டில் கட்டி வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினாள். அவளிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். நான் ஆறாம் நம்பருக்குத்தான் வருவேன். வாடகையை மற்றவர்களிடம் வாங்குகிற மாதிரியே வாங்கிக்கொள், ஒரு ரூபாய் குறைக்காதே. மாடியில் தங்கையாக வந்து உட்கார்ந்தால், உனக்கு ஒரு சங்கடம் வரும்போது எனக்கு மறுபடியும் வாயைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். குடித்தனக்காரியாக இருந்தால் குழாயடியில் நின்று கேட்பேன்.

தாய்மாமன் சீர், தொட்டில், காதுகுத்து எல்லாம் பிறகு பார்க்கலாம். இங்கே வந்து பார்க்கவும் வேண்டாம். தண்ணீர் வராத முதல் நாள் காலிக் குடத்தையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு உன் வாசலுக்கு வருவேன். ஊர் பார்க்க வந்து நிற்பேன். இதுதாண்டி உன் மாமா என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உன்னைக் காட்டுவேன்.

அமலா